7 நாள் ராஜாவும் 55 வருட ராஜாவும்: எபிரேய வேதாகமம் அரசர்களுக்கு மார்க் போடும் விதம்

இஸ்ரவேலை ஆண்டவர்களில் சிம்ரி என்று ஒருவன் இருந்தான். தேர்ப்படையில் பாதிக்குத் தலைவன். வெறிக்கக் குடித்துக்கொண்டிருந்த தன் ராஜாவை வெட்டிப்போட்டு அரியணை ஏறினான். ஆட்சி மொத்தம் 7 நாள். படையினர் அவனை ஏற்கவில்லை. தளபதி உம்ரியை ராஜாவாக்கிக்கொண்டு வந்து தலைநகரான திர்சாவை முற்றுகையிட்டார்கள். இனி தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் சிம்ரி அரண்மனைக்குத் தீ வைத்துக்கொண்டு அதிலேயே செத்தான்.

எபிரேய வேதாகமத்தில் (கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்பது) முதலாம் இராஜாக்கள் நூலின் 16-ஆம் அதிகாரத்தில் இந்தக் கதை இருக்கிறது. அவன் ஏன் செத்தான் என்பதற்கு அங்கே சொல்லியிருக்கும் காரணம்தான் யோசிக்க வைக்கிறது. யெரொபெயாம் என்ற பழைய ராஜாவின் வழியில் நடந்து, கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாப்பானதைச் செய்து, இஸ்ரவேலையும் பாவம் செய்யப்பண்ணினானாம். ஏழே நாளில், அதுவும் முற்றுகைக்கு நடுவில், ஒரு நாட்டையே கெடுக்க அவனுக்கு நேரம் ஏது?

அந்த வசனத்தில் சிம்ரியைப் பற்றிய தகவல் எதுவும் கிடையாது. வடக்கு ராஜ்யமான இஸ்ரவேலை ஆண்ட கிட்டத்தட்ட எல்லோர் மேலும் குத்தப்படும் முத்திரை அது. 22 வருடம் ஆண்டவனுக்கும் அதே முத்திரை, ஒரு வாரம் ஆண்டவனுக்கும் அதே முத்திரை. இந்த முத்திரையைச் செய்தவர்கள் யார், எதற்காகச் செய்தார்கள் என்று தேடுவதைத்தான் வேதாகம ஆய்வில் அரசர் சித்திரிப்பின் கருத்தியல் என்கிறார்கள்.

கருத்தியல் என்றதும் பொய், பிரசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். எதை விரிவாகச் சொல்வது, எதை ஒரு வரியில் தாண்டுவது, எவன் நல்லவன், நாடு ஏன் அழிந்தது என்பதையெல்லாம் எழுத உட்காரும் முன்பே ஒருவருக்கு முடிவு செய்து கொடுத்துவிடுகிற நம்பிக்கைகளின் தொகுப்பு அது. இந்த நூல்களை எழுதியவர்கள் அதை ஒளித்துவைக்கவும் இல்லை. வசனத்துக்கு வசனம் வெளிப்படையாகவே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

பின்னணி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சவுல், தாவீது, சாலொமோன் என்ற மூவருக்குப் பிறகு, சுமார் கி.மு. 930-இல் ராஜ்யம் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே இஸ்ரவேல், தெற்கே எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா. வடக்கை அசீரியர்கள் சுமார் கி.மு. 722-இல் விழுங்கினார்கள், தெற்கை பாபிலோனியர்கள் 586 வாக்கில் அழித்தார்கள். இந்தக் காலத்தை எபிரேய வேதாகமம் இரண்டு முறை சொல்கிறது. சாமுவேல், இராஜாக்கள் நூல்களில் ஒரு முறை. நாளாகமத்தில் இன்னொரு முறை. (கத்தோலிக்கப் பதிப்பு வைத்திருப்பவர்கள் அரசர்கள், குறிப்பேடு என்று தேடவேண்டும்.) இரண்டு முறை சொல்லியிருப்பது நமக்குப் பெரிய வசதி. ஒரே ராஜாவைப் பற்றிய இரண்டு கதைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

ஒரே பாடம்தான்

இராஜாக்கள் புத்தகத்தின் அளவுகோல், மோசேயின் சட்டங்களைச் சொல்லும் உபாகமம் என்ற நூலிலிருந்து வருகிறது. கர்த்தர் தெரிந்துகொண்ட ஒரே இடத்தில்தான் பலி செலுத்த வேண்டும், வேறு தெய்வங்களோடு ஒட்டும் உறவும் கூடாது. அந்த ஒரே இடம் எருசலேம் ஆலயம் என்பது இவர்களுக்குச் சந்தேகமில்லாத விஷயம். ஆனால் வடக்கின் முதல் ராஜா யெரொபெயாம் பெத்தேலிலும் தாணிலும் பொன் கன்றுக்குட்டிகளை நிறுத்தினான். ஜனங்கள் பலியிடுவதற்காக எருசலேமுக்குப் போய்வந்தால் மனசும் அந்தப் பக்கமே போய்விடும் என்ற அரசியல் பயம் அவனுக்கு. அன்றைக்கே வடக்கின் கணக்கு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கே எவன் ஆண்டாலும், அந்தக் கோயில்களை இடிக்காதவரை அவன் தோற்றவன்தான். ஒரே பாடத்துக்கு மட்டும் மார்க் போடும் ரேங்க் கார்டு போல. தெற்கில்கூட நல்லவன் என்று பெயரெடுத்த பலருக்கு, ‘ஆனாலும் மேடைகள் அகற்றப்படவில்லை’ என்று ஒரு குட்டு வைக்கிறார்கள். (மேடைகள் என்பவை எருசலேமுக்கு வெளியே ஊர் ஊராக இருந்த பலியிடங்கள்.) முழு மார்க் வாங்கியவர்கள் எசேக்கியாவும் யோசியாவும் மட்டும்தான்.

இந்த ரேங்க் கார்டில் எவ்வளவு விடுபட்டுப்போகிறது என்பதற்கு சிம்ரியை வீழ்த்திய உம்ரியே போதும். அவனுக்குக் கிடைத்தது ஆறு வசனம். 12 வருடம் ஆண்டான், சேமேர் என்பவனிடம் இரண்டு தாலந்து வெள்ளிக்கு ஒரு மலையை வாங்கி சமாரியாவைக் கட்டினான், தனக்கு முன்னிருந்த எல்லோரையும்விடப் பொல்லாதவனாக இருந்தான், செத்தான். அவ்வளவுதான்.

பக்கத்து நாட்டுக்காரர்களைக் கேட்டால் வேறு ஆள் தெரிகிறான். உம்ரி செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகும் அசீரியர்கள் அந்த நாட்டை ‘உம்ரியின் வீடு’ என்றே குறித்தார்கள். அவன் வம்சத்தையே வேரறுத்த யெகூவைக்கூட, அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசரின் கறுப்புத் தூணில் ‘உம்ரியின் மகன்’ என்று பொறித்திருக்கிறார்கள். உம்ரியின் மகன் ஆகாப், கி.மு. 853-இல் கர்கார் என்ற இடத்தில் அசீரியப் படையை எதிர்த்த கூட்டணியில் இருந்தான். அவன் 2,000 தேர்களும் 10,000 வீரர்களும் கொண்டுவந்ததாக அசீரியக் கல்வெட்டே சொல்கிறது. தேர்களின் எண்ணிக்கை மிகை என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. ஆனால் கூட்டணியில் அவன் பெரிய கை என்பதில் சந்தேகமில்லை. வேதாகமத்தில் இந்தப் போரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆகாபுக்கு நிறையப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள்தான், ஆனால் அவற்றில் கதாநாயகன் அவனை எதிர்த்த தீர்க்கதரிசி எலியா. நாபோத் என்ற சாதாரணக் குடியானவனின் திராட்சைத் தோட்டத்துக்காக அவனைக் கல்லெறிந்து கொன்ற கதையை அங்கேதான் படிக்கிறோம். எந்த அரண்மனைக் கல்வெட்டும் இப்படி ஒரு கதையைச் சொல்லியிருக்காது. கருத்தியல் சில விஷயங்களை மறைக்கிறது என்றால், வேறு யார் கண்ணிலும் படாத சிலவற்றை வெளியே கொண்டுவரவும் செய்கிறது.

உம்ரியின் ‘மற்ற வர்த்தமானங்கள்’ இஸ்ரவேல் ராஜாக்களின் நாளாகமப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது அல்லவா என்று முடிப்பது இந்த நூலின் வாடிக்கை. போர், கட்டடம், வரி எல்லாம் வேண்டுமானால் அங்கே போய்ப் பார், எனக்கு அதில் வேலையில்லை என்று அர்த்தம். அந்த அரசவைப் பதிவேடு நமக்குக் கிடைக்கவில்லை. (வேதாகமத்தில் இருக்கும் நாளாகமம் வேறு.)

இது ஏதோ எபிரேயர்களுக்கு மட்டும் இருந்த பழக்கம் என்று நினைக்கவேண்டாம். 1868-இல், இன்றைய ஜோர்தானில் உள்ள தீபானில் ஒரு கல் கிடைத்தது. மோவாபின் ராஜா மேசா நிறுத்திய கல். உம்ரி மோவாபை நெடுநாள் ஒடுக்கினான் என்று அதில் மேசாவே ஒப்புக்கொள்கிறான். ஏன் ஒடுக்க முடிந்தது? மோவாபின் தெய்வம் காமோஸ் தன் தேசத்தின் மேல் கோபமாக இருந்தாராம். தெய்வத்தின் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் இராஜாக்கள் புத்தகத்தின் ஒரு வரி என்றே சொல்லிவிடலாம். தோல்விக்குக் காரணம் எதிரியின் பலம் அல்ல, நம் தெய்வத்தின் கோபம் என்பது அந்த வட்டாரத்தின் பொதுப் பேச்சாக இருந்திருக்கிறது.

யார், எப்போது?

யோசியாவின் 18-ஆம் வருடம், கி.மு. 622. ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது ஒரு நியாயப்பிரமாணப் புத்தகம் கிடைத்ததாகப் பிரதான ஆசாரியன் இல்க்கியா சொல்கிறான். அதை வாசிக்கக் கேட்ட யோசியா உடையைக் கிழித்துக்கொள்கிறான். பிறகு நாடெங்கும் மேடைகளை இடிக்கிறான், பெத்தேல் பலிபீடத்தையும் விடவில்லை. அந்தப் புத்தகம் உபாகமத்தின் ஏதோ ஒரு வடிவமாக இருக்கவேண்டும் என்ற கருத்தை 1805-இல் டி வெட்டே என்ற ஜெர்மன் அறிஞர் வலுவாக முன்வைத்தார். யோசியா செய்தவை உபாகமம் கேட்பவற்றோடு அவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகின்றன.

1943-இல் மார்ட்டின் நோத் என்ற ஜெர்மன் அறிஞர், உபாகமம் தொடங்கி இராஜாக்கள் முடிய ஒரே கருத்தியலில் கோத்த ஒரு பெரிய வரலாறு இருக்கிறது, அது எருசலேம் விழுந்த பிறகு எழுதப்பட்டது என்றார். அமெரிக்கரான ஃப்ராங்க் மூர் கிராஸ் அதைத் திருத்தினார். முதல் பதிப்பு யோசியாவின் காலத்தில் அவன் சீர்திருத்தத்தைத் தூக்கிப்பிடிக்க எழுதப்பட்டது, நாடு அழிந்த பிறகு இரண்டாவது கை அதைத் தொடர்ந்து எழுதி முடித்தது என்பது அவர் வாதம். இன்றும் இதில் சண்டை ஓயவில்லை. எனக்கு கிராஸ் சொன்னதுதான் பொருத்தமாகப் படுகிறது. முதலாம் இராஜாக்கள் 13-இல், யெரொபெயாம் பெத்தேலில் தூபம்காட்ட நிற்கும்போது யூதாவிலிருந்து வந்த தேவமனிதன் ஒருவன், தாவீதின் வம்சத்தில் யோசியா என்று ஒருவன் பிறந்து இந்தப் பலிபீடத்தைத் தீட்டாக்குவான் என்று பெயர் சொல்லியே அறிவிக்கிறான். சுமார் 300 வருடத்துக்கு முன்பே. விசுவாசிக்கு இது தீர்க்கதரிசனம். இலக்கியமாகப் படிப்பவருக்கு, முழுக்கதையும் எந்த ராஜாவை நோக்கி ஓடுகிறது என்று காட்டும் அடையாளம்.

மனாசே: ஒருவன், இரண்டு கதை

எசேக்கியாவின் மகன் மனாசே. 12 வயதில் ராஜாவாகி 55 வருடம் ஆண்டான். யூதாவில் யாரும் இவ்வளவு காலம் ஆளவில்லை.

அவன் அப்பா அசீரியாவை எதிர்த்துக் கிளம்பியவன். அதன் விளைவாக கி.மு. 701-இல் அசீரிய ராஜா சனகெரிப் வந்து 46 அரண்சூழ்ந்த நகரங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவை மாதிரி எருசலேமுக்குள் அடைத்ததாகவும் தன் கல்வெட்டில் பீற்றிக்கொண்டான். எருசலேம் தப்பியது, ஆனால் நாட்டுப்புறம் நாசமானது. மனாசே அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஒழுங்காகக் கப்பம் கட்டினான். நினிவேயில் அரண்மனை கட்ட மரமும் கல்லும் கொண்டுவர அசீரிய ராஜா எசரத்தோன் கட்டளையிட்ட 22 ராஜாக்களின் பட்டியலில் யூதாவின் மனாசே பெயரும் இருக்கிறது. சிதைந்த நாடு அவன் காலத்தில் மெல்ல எழுந்து நின்றது என்று தொல்லியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். அரசியல்வாதியாகப் பார்த்தால் மோசமில்லை.

இரண்டாம் இராஜாக்கள் 21-இல் இதில் ஒன்றும் கிடையாது. அங்கே அவன் பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்குப் பலிபீடம் கட்டுகிறான், ஆலயப் பிராகாரத்திலேயே வானத்தின் சேனைக்கு (சூரியன், சந்திரன், நட்சத்திரங்களுக்கு) பலிபீடம் வைக்கிறான், தன் மகனைத் தீக்கடக்கப் பண்ணுகிறான், எருசலேமை நாலா பக்கமும் குற்றமில்லாத இரத்தத்தால் நிரப்புகிறான். மனம் திரும்பவே இல்லை. அவன் பேரன் யோசியா அத்தனை சீர்திருத்தம் செய்த பிறகும், மனாசேயின் பாவத்தினால் கர்த்தரின் கோபம் தணியவில்லை என்று நூல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஒரே ஆலயம், ஒரே தெய்வம் என்று யோசியா எல்லாவற்றையும் சரியாகச் செய்தான். அவன் செத்து கால் நூற்றாண்டுக்குள் அந்த ஆலயம் சாம்பலானது. அப்படியானால் உபாகமத்தின் கணக்கு தப்பா? தப்பில்லை என்று காட்ட, ஒரு பேரனின் நன்மையாலும் அழிக்க முடியாத அளவுக்குப் பெரிய குற்றவாளி ஒருவன் வேண்டும்.

நாளாகமத்தை எழுதியவருக்குச் சிக்கல் வேறு. அவர் பாரசீகர் ஆண்ட காலத்தவர், அல்லது அதற்கும் பிந்தியவர். அவருடைய கணக்கில் அவனவன் செய்ததற்கு அவனவனே, உயிரோடு இருக்கும்போதே அனுபவிப்பான். அப்படியென்றால் மகா பொல்லாதவன் ஒருவன் 55 வருடம் நிம்மதியாக ஆண்டது எப்படி? இரண்டாம் நாளாகமம் 33 பதில் தருகிறது. அசீரியத் தளபதிகள் அவனைப் பிடித்து, வெண்கலச் சங்கிலி போட்டு பாபிலோனுக்கு இழுத்துப்போனார்கள். அங்கே அவன் தன்னைத் தாழ்த்தி ஜெபித்தான். கர்த்தர் இரங்கி அவனைத் திரும்ப எருசலேமில் உட்காரவைத்தார். வந்தவன் அந்நிய தெய்வங்களையும் தான் கட்டிய பலிபீடங்களையும் அகற்றி நகரத்துக்கு வெளியே எறிந்தான்.

அசீரியா தன் கீழிருந்த ராஜாக்களை விசாரணைக்கு இழுத்துப்போவது நடக்கக்கூடியதே என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. ஆனால் அசீரியப் பதிவுகள் எதிலும் மனாசேயின் சிறைவாசம் இல்லை. அதைவிட, நாளாகமக்காரரின் தையல் அவர் நூலிலேயே பிரிந்து தெரிகிறது. அதே அதிகாரத்தில், சில வசனங்கள் தள்ளி, மகன் ஆமோன் தன் தகப்பன் மனாசே செய்துவைத்த விக்கிரகங்களுக்கெல்லாம் பலியிட்டான் என்கிறார். எறிந்தாயிற்று என்றாரே? இரண்டாம் இராஜாக்கள் 23-இலும், மனாசே ஆலயப் பிராகாரங்களில் கட்டிய பலிபீடங்களை இடித்தவன் யோசியாதான்.

மனாசேயைத் திருத்திவிட்டால் எருசலேமின் அழிவுக்கு யார் பொறுப்பு? நாளாகமம் கடைசி ராஜா சிதேக்கியாவையும் அந்தத் தலைமுறை ஜனங்களையும் கைகாட்டுகிறது. தாத்தா பாவம் பேரன் தலையில் விழாது. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட சிறையிருப்பிலிருந்து திரும்பி, இடிந்த ஊரில் புதிதாகத் தொடங்கும் ஒரு சமூகத்துக்கு இந்தக் கணக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்!

கத்தரி போட்ட இடம்

தாவீது விஷயத்தில் நாளாகமம் செய்ததைப் பார்க்க ஒரு வசனம் போதும். பத்சேபாள் கதை இரண்டாம் சாமுவேல் 11-இல் இப்படித் தொடங்குகிறது: ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலத்தில் தளபதி யோவாப் படையோடு போய் அம்மோனியரின் தலைநகரான ரப்பாவை முற்றுகையிட்டான், தாவீதோ எருசலேமிலேயே இருந்துவிட்டான். அடுத்து மாலை வேளை, உப்பரிகை, குளிக்கும் பெண், அவள் புருஷன் உரியாவின் கொலை, தீர்க்கதரிசி நாத்தான் வந்து கண்டிப்பது என்று போகும். கடைசியில் யோவாப் ஆளனுப்பி அழைக்க, தாவீது ரப்பாவுக்குப் போய் அந்த ஊர் ராஜாவின் கிரீடத்தை எடுத்துக்கொள்வான்.

முதலாம் நாளாகமம் 20 அதே வசனத்தில் தொடங்குகிறது. தாவீது எருசலேமில் இருந்துவிட்டான் என்பதுவரை அப்படியே இருக்கிறது. ஆனால் அடுத்த வசனத்திலேயே அவன் ரப்பாவில் கிரீடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறான்! எருசலேமிலிருந்து எப்போது கிளம்பினான்? நடுவிலிருந்த பத்சேபாளையும் உரியாவையும் வெட்டி எடுத்தபோது பயணமும் சேர்ந்தே போய்விட்டது. தாவீதின் மகன் அப்சலோமின் கலகமும் அந்த நூலில் இல்லை, சாலொமோனின் 700 மனைவிகளும் இல்லை. ஆலயத்தைத் திட்டமிட்ட தாவீதும் கட்டி முடித்த சாலொமோனும் மட்டுமே அவருக்குத் தேவை. அவர் காலத்தில் அரியணை இல்லை, ஆலயம் மட்டும் மறுபடி எழுந்து நின்றது.

அவர் ஏமாற்றினார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசகர்களுக்குப் பழைய நூல்கள் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

ராஜாவே வேண்டாம் என்ற குரல்

ராஜா என்பவன் தேவையா என்பதிலேயே இந்த நூல்கள் ஒத்துப்போகவில்லை. நியாயாதிபதிகள் நூலின் கடைசி வரி, ராஜா இல்லாததால் அவனவன் தன் இஷ்டத்துக்கு நடந்தான் என்று குறைப்படுகிறது. முதலாம் சாமுவேல் 8-இல் அதே ஜனங்கள் ராஜா கேட்கும்போது கிழவரான தீர்க்கதரிசி சாமுவேல் கொதிக்கிறார். உங்கள் பிள்ளைகளைத் தன் தேருக்கு முன் ஓடவைப்பான், பெண்களைச் சமைக்கவும் அப்பம் சுடவும் எடுத்துக்கொள்வான், நல்ல வயலும் திராட்சைத் தோட்டமும் அவன் ஊழியக்காரருக்குப் போகும், விளைச்சலில் பத்தில் ஒன்று வாங்குவான், கடைசியில் நீங்களே அடிமைகளாவீர்கள் என்கிறார். அடுத்த அதிகாரத்திலோ சவுலைத் தெரிந்தெடுப்பது கர்த்தரே. இரண்டு மனநிலையும் அருகருகே நிற்கின்றன. தொகுத்தவர்கள் ஒன்றைத் தூக்கி எறியவில்லை.

ராஜா குதிரைகளையும் மனைவிகளையும் வெள்ளி பொன்னையும் பெருக்கக்கூடாது என்கிறது உபாகமம் 17. இதை மனதில் வைத்து முதலாம் இராஜாக்கள் 10-ஐ மறுபடி படித்துப்பாருங்கள். வருடத்துக்கு 666 தாலந்து பொன், 1,400 தேர்கள், எகிப்திலிருந்து குதிரைகள். சாலொமோனைப் புகழும் அதிகாரமாகத் தோன்றியது மெல்லக் குற்றப்பத்திரிகையாக மாறும். 11-ஆம் அதிகாரத்தில் மனைவிகளும் வந்துவிடுவார்கள்.

யெகூ இன்னொரு உதாரணம். ஆகாபின் வம்சத்தை யெஸ்ரயேலில் கொன்று குவித்ததற்காக இரண்டாம் இராஜாக்கள் 10-இல் கர்த்தரே அவனைப் பாராட்டி, நான்கு தலைமுறைக்கு அரியணை தருகிறார். ஓசியா தீர்க்கதரிசியின் நூலில் முதல் அதிகாரத்தில் அதே யெஸ்ரயேலின் இரத்தப்பழியை அதே கர்த்தர் யெகூவின் வம்சத்திடம் விசாரிப்பேன் என்கிறார். ஏசாயா 45-இலோ, கர்த்தர் தாம் அபிஷேகம்பண்ணினவன் என்று அழைப்பது பாரசீக ராஜா கோரேசை. தாவீதின் வாரிசுகளுக்கு இருந்த பட்டம், எபிரேய தெய்வத்தை அறியாதவன் என்று அதே அதிகாரமே சொல்லும் ஓர் அந்நியனுக்குப் போய்விட்டது.

கடைசியாக யோசியாவின் சாவு. 8 வயதில் ராஜாவாகி 31 வருடம் ஆண்டவன், கி.மு. 609-இல் எகிப்தின் பார்வோன் நேகோவை எதிர்த்துப்போய் மெகிதோவில் செத்தான். 39 வயது. இராஜாக்கள் நூல் இதை ஒரே வசனத்தில், நேகோ அவனைக் கண்டபோது கொன்றுபோட்டான் என்று சொல்லிவிட்டு நகர்கிறது. காரணம் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்த நூல் அந்த இடத்தில் வாயடைத்துப்போகிறது.

நாளாகமக்காரரால் அப்படி விடமுடியாது. நல்லவன் அம்பு பட்டுச் செத்தால் ஏதோ ஒரு குற்றம் இருந்தாக வேண்டும். எனவே நேகோ தூதர்களை அனுப்பி, தேவன் என்னோடிருக்கிறார், குறுக்கே வராதே என்கிறான். அந்த வார்த்தை தேவனுடைய வாயிலிருந்தே வந்ததாம், யோசியா கேட்கவில்லையாம். எகிப்தின் பார்வோன் தீர்க்கதரிசி ஆகிவிட்டான். அப்புறம் யோசியா வேஷம் மாறிப் போருக்குப் போகிறான், வில்வீரர் எய்த அம்பு படுகிறது, எனக்குப் பலத்த காயம், என்னை அப்பால் கொண்டுபோங்கள் என்று தன் ஆட்களிடம் சொல்கிறான். இதே காட்சி வேதாகமத்தில் வேறொரு ராஜாவுக்கு முன்பே நடந்திருக்கிறது. வேஷம் மாறியது, அம்பு பட்டது, அப்பால் கொண்டுபோகச் சொன்னது எல்லாம் முதலாம் இராஜாக்கள் 22-இல் இருக்கிறது. அங்கே சாகிறவன் உம்ரியின் மகன் ஆகாப்.